வேலூரிலிருந்து நாற்பது நாள் ஆசியப் பயணம்: கணவன் மனைவி இருவருக்கான வழிகாட்டி

சிங்கப்பூர், மலேசியாவில் கோலாலம்பூர், பினாங்கு, வியட்நாமில் ஹனோய், ஹூவே, ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம், கம்போடியாவில் சியம் ரீப், தாய்லாந்தில் பாங்காக். ஒன்பது ஊர், ஐந்து நாடு, ஏறக்குறைய நாற்பது நாள். டூர் கம்பெனி துணையில்லாமல் இருவர் மட்டும் போய்வர முடியும். ஆனால் ஊர்களின் வரிசையை ஆசை தீர்மானிக்கக் கூடாது, காகிதம்தான் தீர்மானிக்க வேண்டும். இதை அலைந்து, கட்டிய பணத்தையே மறுபடி கட்டித் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

கட்டணங்களும் விசா விதிகளும் அடிக்கடி மாறுபவை. டிக்கெட் எடுக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் பெயர் (புறப்பட 4 மாதம் முன்பு)

வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் இதற்காகச் சென்னை ஓட வேண்டியதில்லை. ஆன்லைனில் விண்ணப்பித்து, பணம் கட்டி, நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். தத்கால் என்றால் மேலும் 2,000. இந்தப் பயணத்துக்கு 36 பக்கமே தாராளம்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில்தான். ஆதாரில் 'எம். குமார்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். விரித்த அப்பா பெயரை 'சர்நேம்' கட்டத்தில் போடுங்கள், உங்கள் பெயரை 'கிவன் நேம்' கட்டத்தில் போடுங்கள். சர்நேம் கட்டத்தை வெறுமையாக விட்டால் பாஸ்போர்ட் வந்துவிடும், தொல்லை அதன் பிறகுதான் ஆரம்பிக்கும். விமான டிக்கெட்டில், விசா படிவத்தில், வருகை அட்டையில் என்று ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று தடுமாற வேண்டியிருக்கும். ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி ஆகிவிட்டால் கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் இருந்தால் டிக்கெட் போடுமுன் அந்த விமான நிறுவனத்தின் விதியைப் படியுங்கள். பெரும்பாலும் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள்.

மனைவி கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. அப்பா பெயரோடு இருந்தாலும் எந்த நாட்டிலும் தடையில்லை. திருமணப் பதிவுச் சான்றிதழின் நகல் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது மாவட்டம். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போய்விட்டன. பலருடைய ஆதாரில் இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே இருக்கிறது. விண்ணப்பத்தில் மாவட்டமும் காவல் நிலையமும் தவறாகப் போனால் போலீஸ் விசாரணை வேறு இடத்துக்குப் போய்த் தேங்கி நிற்கும். ஆதார் முகவரியை முதலில் திருத்திவிட்டு, அதன் பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் சான்றிதழை மறக்காமல் கொண்டுபோங்கள். இல்லையென்றால் இ.சி.ஆர். முத்திரை விழும், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு. மலேசியாவும் தாய்லாந்தும் அந்த நாடுகளின் பட்டியலில் உண்டு. சுற்றுலாவுக்குப் போகிறவருக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை. ஆனாலும் சென்னைக் குடிநுழைவில் திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு எல்லாம் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். இருவரில் ஒருவருக்கு அந்த முத்திரை இருந்தால் இருவரும் ஒரே கவுன்ட்டரில் நில்லுங்கள்.

பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். கடைசி நாட்டில் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் மீதம் இருக்க வேண்டும். நாற்பது நாள் பயணத்தில் இந்தக் கணக்குதான் தப்பும்.

2. மாதமும் வரிசையும் (3 மாதம் முன்பு)

சிங்கப்பூரை முதலில் வையுங்கள். செலவு அதிகமான ஊர், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் இந்த ஐந்து நாடுகளில் இந்தியர்களிடம் ஏஜென்ட் வழியாக முறையான விசா கேட்பது சிங்கப்பூர் மட்டுமே. அங்கே நுழையும் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிப்பதுதான் வழக்கம். அதைப் பயணத்தின் கடைசியில் வைத்தால், விண்ணப்பிக்க வேண்டிய நாளில் நீங்கள் வியட்நாமில் இருப்பீர்கள். முதலில் வைத்தால் ஊரிலிருந்தே முடித்துவிடலாம். மறுத்துவிட்டாலும் சென்னையிலிருந்து நேராகக் கோலாலம்பூர் போய்விடலாம், மற்ற ஊர்கள் கலையாது.

பாங்காக்கைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அங்கிருந்து சென்னைக்கு நேரடி விமானம் உண்டு. 'போக சிங்கப்பூர், வர பாங்காக்' என்று ஒரே பதிவில் எடுக்கலாம். தனித்தனியாக எடுத்தால் எவ்வளவு என்றும் ஒருமுறை பாருங்கள், சில நாள் அதுவே மலிவு.

மாதம் என்று கேட்டால் எங்கள் பரிந்துரை பிப்ரவரி பின்பாதியிலிருந்து மார்ச் கடைசி வரை. பொங்கல் முடிந்த கையோடு கிளம்பலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். சீன, வியட்நாமியப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும் (2027-இல் பிப்ரவரி 6). வியட்நாமில் அந்த ஒரு வாரம் கடைகள் மூடிக் கிடக்கும், ரயில் டிக்கெட் கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் ஹூவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மிதக்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்க்ரான் தண்ணீர்த் திருவிழா. விரும்பிப் போகிறவர்கள் போகலாம், ஆனால் அறை வாடகை ஏறியிருக்கும். மார்ச் மாதச் சியம் ரீப்பில் வெயில் கொளுத்தும்தான். வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை, புழுக்கம்தான் கூடுதல்.

இரவுகளை இப்படிப் பிரிக்கலாம்: சிங்கப்பூர் 4, கோலாலம்பூர் 4, பினாங்கு 4, ஹனோய் 5, ஹூவே 3, ஹோய் ஆன் 4, ஹோ சி மின் 4, சியம் ரீப் 4, பாங்காக் 6. எந்த ஊரையும் 3 இரவுக்குக் கீழே இறக்காதீர்கள். துணி துவைத்துக் காயப்போடவே ஒரு நாள் வேண்டும்.

3. விசாவும் வருகை அட்டையும்

சிங்கப்பூர்: அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் ஒருவருக்கு 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கூலி தனி. படம் 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், வெள்ளைப் பின்னணி. ஸ்டூடியோவில் இந்த அளவைச் சொல்லியே எடுங்கள். 

மலேசியா: 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதி. அதற்குப் பிறகு போகிறவர்கள் நீட்டித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

வியட்நாம்: மின்விசா. ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டாலர், பலமுறை நுழைய 50 டாலர், 90 நாள் வரை. மூன்று வேலை நாள் என்பார்கள், மூன்று வாரம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். விசாவில் குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் உள்ளே விடமாட்டார்கள். பெயரைப் பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினால் அந்த விசா செல்லாது, பணமும் திரும்பாது.

கம்போடியா: சுற்றுலா விசா 30 டாலர், 30 நாள். இதையும் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.

தாய்லாந்து: 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு கொடுத்தார்கள், அதைக் குறைக்கும் பேச்சும் பிறகு எழுந்தது. நீங்கள் தங்கப்போவது 6 நாள் என்பதால் நாள் கணக்கைவிட விலக்கு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். கையில் ஒருவருக்கு 20,000 பாட் மதிப்புள்ள பணம் காட்டச் சொல்லலாம்.

விசா வேறு, வருகை அட்டை வேறு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்து இதை 2025 மே 1 முதல் கட்டாயமாக்கியது. கம்போடியாவிலும் இதேபோல் ஒன்று உண்டு. வருகை அட்டை மூன்று நாட்டிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தளம் பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. இந்தப் பொறியில் விழாதவர்கள் குறைவு. வியட்நாம் அரசுத் தள முகவரி 'கவ் புள்ளி விஎன்' என்றும், தாய்லாந்துடையது 'கோ புள்ளி டிஎச்' என்றும் முடியும். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி அட்டை. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் போனாலும் மலேசிய அட்டை வேண்டும்.

ஐந்து நாட்டுக் காகிதத்தையும் அச்செடுத்து இரண்டு கட்டு வையுங்கள். எல்லாவற்றையும் ஒருவர் போனிலேயே வைத்திருந்தால், அந்த போன் அணைந்த நேரத்தில் இருவருமே நிற்க வேண்டியதுதான்.

4. பணம்

விசாவும் இரண்டு பெரிய நுழைவுச்சீட்டும் மட்டும் இருவருக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். சிங்கப்பூர் விசா 60 சிங்கப்பூர் டாலர், வியட்நாம் 50 டாலர், கம்போடியா 60 டாலர், சியம் ரீப்பில் அங்கோர் கோயில்களுக்கான மூன்று நாள் சீட்டு 124 டாலர், பாங்காக் அரண்மனை 1,000 பாட். டாலருக்கு 90, சிங்கப்பூர் டாலருக்கு 70, பாட்டுக்கு 2 ரூபாய் 80 காசு என்று கணக்கு வைத்தால் 28,000 ரூபாயைத் தொடுகிறது. பட்ஜெட்டில் பலர் இந்தத் தொகையை எழுதுவதே இல்லை.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளிநாட்டு நோயாளிகள் வருவதால் காந்தி ரோடு பக்கம் நாணய மாற்றுக் கடைகள் உண்டு. ரிசர்வ் வங்கி உரிமம் மாட்டியிருக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் மூன்றும் கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். ரசீதை ஊர் திரும்பும்வரை வைத்திருங்கள். நோட்டாக ஒருவர் 3,000 டாலர் வரை எடுத்துப்போகலாம், அவ்வளவு தேவைப்படாது. ஆளுக்கு 500 டாலர் நோட்டாகவும் மீதி கார்டிலும் இருந்தால் போதும்.

டாலர் நோட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கம்போடியாவில் டாலர் நேரடியாகச் செல்லும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை டீக்கடைக்காரர்கூடத் திருப்பித் தருவார். வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இரவில், டாக்சி வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் 25 மடங்கு போய்விடும். 5,00,000 நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

கிளம்புமுன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். அது தானாக ஆன் ஆகியிருக்காது. தாய்லாந்து ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிக்கும், அதனால் சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். கார்டு மெஷினோ ஏடிஎம்மோ 'இந்திய ரூபாயில் கணக்கிடலாமா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த ஊர் நாணயத்திலேயே கட்டுவதுதான் எப்போதும் லாபம். ஓடிபி வருவதற்காக இந்திய சிம்மில் ரோமிங்கை எழுப்பிவிட்டுக் கிளம்புங்கள். இணையத்துக்கு அந்தந்த ஊர் சிம்மோ இ-சிம்மோ போதும்.

மலேசிய ஓட்டல்களில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஆன்லைனில் முழுப்பணம் கட்டியிருந்தாலும் இதை வரவேற்பு மேசையில் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை.

5. பெட்டியில் போகக் கூடாதவை

பயணத்தில் எல்லாரும் பொடி கொண்டுபோவோம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி சரி. கசகசா கூடாது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வருகிறது. குருமா மசாலா அரைக்கும்போது கசகசா போடும் வீடுகள், அந்தப் பொடியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பான் மசாலா, குட்கா, சூயிங்கம், மின்சிகரெட் எதுவும் வேண்டாம்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் சீட்டோடு, அட்டையைக் கத்தரிக்காமல் எடுத்துப்போங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டியிருக்கும்.

மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோதான், நிறுத்துப் பார்ப்பார்கள். நம்மூர் மூன்று முனை பிளக் எங்கும் பொருந்தாது. சிங்கப்பூர், மலேசியாவில் சதுர முனை பிளக் வேண்டும்.

6. நகரிலிருந்து நகருக்கு

கோலாலம்பூர்–பட்டர்வொர்த் மின்ரயில் சுமார் 4 மணி நேரம், அங்கிருந்து படகில் பினாங்கு. விமானத்தைவிட இதுவே சுகம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள். டிக்கெட்டில் எது என்று பார்த்துப் போங்கள்.

ஹூவேயிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் போனால் ஹாய் வான் கணவாயில் கடலை ஒட்டியே போகும். தெற்கே போகும்போது இடப்பக்க ஜன்னல். டா நாங்கில் இறங்கி ஹோய் ஆனுக்கு காரில் போய்விடலாம், ஹோய் ஆனில் ரயில் நிலையம் கிடையாது.

சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது. ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். பழைய கட்டுரைகளில் '15 நிமிடம்' என்று இருக்கும், நம்பாதீர்கள். திரும்பும் நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். அங்கிருந்து பாங்காக்குக்குச் சாலை வழி வேண்டாம். 2025 மோதலில் தாய்லாந்து–கம்போடியா எல்லைக் கடவுகளை மூடினார்கள். விமானம்தான் நிச்சயம். பாங்காக்கிலும் இரண்டு விமான நிலையம்: சுவர்ணபூமி, டான் முவாங். சென்னை விமானம் எதிலிருந்து என்று பார்த்து, கடைசி இரவுக்கு அதற்குத் தோதான பக்கத்தில் அறை எடுங்கள்.

வியட்நாமில் ஸ்கூட்டர் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஒப்பந்தத்தின்படியானது, வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தம். அங்கே நம்முடையது செல்லாது. விபத்து நடந்தால் பயணக் காப்பீடும் கைவிரித்துவிடும். பின்சீட்டில் உங்கள் துணை உட்கார்ந்திருப்பார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

7. சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்படத் தேவையில்லை, ஆனால் 'வெஜ்' என்று சொல்லி நிம்மதியடையக் கூடாது. இந்த நாடுகளில் காய்கறிச் சாப்பாடு என்றால் இறைச்சித் துண்டு இல்லாதது என்றுதான் பொருள். மீன் சாறு உள்ளே இருக்கும். தாய்லாந்தில் அதன் பெயர் 'நாம் ப்ளா', வியட்நாமில் 'நுவொக் மாம்'. கம்போடியாவில் மீன் விழுதான 'ப்ரஹோக்', மலேசியாவில் இறால் விழுதான 'பெலாச்சான்'. நம் ஊரில் உப்புப் போடுவதுபோல அங்கே இது விழும்.

தாய்லாந்தில் கேட்க வேண்டிய சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதித் தொங்கும் கடைகள் அவை. மீன் சாறு, முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. வியட்நாமில் 'சாய்' என்ற சொல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கேயும் விரதம் இருப்பார்கள், சைவக் கடைகளில் கூட்டம் அலைமோதும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வரிசையிலேயே ஹூவேதான் நல்ல ஊர், பௌத்தச் சைவ உணவகங்கள் நிறைய. நாம் சொல்லும் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாது. 'மீன் சாறு, இறால், முட்டை வேண்டாம்' என்று அவரவர் எழுத்தில் எழுதிய படத்தை போனில் வைத்துக் காட்டுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் எதைத் தவிர்ப்பது என்பதற்கு நாலு சொல் போதும். வியட்நாமில் 'போ' மாட்டிறைச்சி, 'ஹேவ்' அல்லது 'லோன்' பன்றி, 'கா' என்று தாழ்த்திச் சொன்னால் கோழி. தாய்லாந்தில் 'நுவா' மாடு, 'மூ' பன்றி, 'காய்' கோழி. ஹனோயின் புன் சா பன்றி இறைச்சி. 'ஃபோ' சூப் வாங்கினால் 'ஃபோ கா' என்று கேளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஹலால் கடைக்குப் பஞ்சமில்லை. ஹோ சி மின் நகரில் டோங் டு தெருப் பள்ளிவாசல் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். ஹனோயில் கடைகள் குறைவு, அதனால் அறையை ஹாங் லுவொக் தெருப் பள்ளிவாசலுக்குப் பக்கமாக எடுங்கள்.

நாலைந்து நாளில் நாக்கு சோறு கேட்கும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, சிங்கப்பூர் தேக்கா சென்டர் இரண்டும் உதவும். வியட்நாம் போகுமுன் பினாங்கில் ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். சிங்கப்பூர் உணவங்காடியில் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதம்.

8. கோயில், அரண்மனை

தோளும் முழங்காலும் மூடிய உடை. வேட்டி, சேலை, சுடிதார் எங்கும் சரி. பாங்காக் அரண்மனைக்கு ஒருவருக்கு 500 பாட், மாலை 3.30-க்கு டிக்கெட் முடிந்துவிடும். வெளியே ஒருவர் வந்து 'இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்' என்பார். அவர் கூட்டிப்போவது நகைக்கடைக்கு. வாசலுக்கே போய்ப் பாருங்கள்.

அங்கோர் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டியதில்லை, ஒரு நாள் ஓய்வெடுத்துப் போகலாம். அங்கோர் வாட்டின் உச்சி அடுக்கு பௌத்தப் புனித நாட்களில் மூடியிருக்கும், தேதி கேட்டுப் போங்கள். கோலாலம்பூர் பக்கம் பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படி. முட்டி வலி உள்ளவர்கள் காலை 7 மணிக்குள் ஏறிவிடுங்கள்.

9. காட்பாடியிலிருந்து புறப்பாடும் திரும்புதலும்

சிங்கப்பூர் விமானங்கள் பல இரவில் கிளம்புகின்றன. மதிய ரயிலில் காட்பாடியில் ஏறினால் சென்னை சென்ட்ரல் இரண்டு மணி நேரச் சொச்சம், அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ. மாலை ரயிலை நம்பாதீர்கள், ஒரு மணி நேரத் தாமதம் வந்தால் மூச்சு முட்டும். காரில் போனால் வாலாஜாவுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே சாலை வேலை நடக்கும் இடங்களுக்காக ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் வாரத்தில் மின்கட்டணத்தை முன்பணமாகக் கட்டிவிடுங்கள். இரண்டு மாத ரீடிங் நீங்கள் இல்லாத நாளில் வந்து, கட்டத் தவறினால் ஃபியூஸ் பிடுங்கிவிடுவார்கள். வீடு பூட்டியிருக்கும் என்று பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

பாங்காக்கிலிருந்து நள்ளிரவில் வந்திறங்கினால் மெட்ரோ காலை 5 மணிக்குத்தான். பெங்களூரு பக்கம் போகும் காலை ரயில்களில் பெரும்பாலானவை காட்பாடியில் நிற்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும் என்பதால் இந்தச் சீட்டையும் ஊரிலிருந்து கிளம்புமுன்பே எடுத்து, காகிதக் கட்டின் கடைசித் தாளாக வைத்துவிடுங்கள்.